இருபத்திரண்டு டிகிரி

அவளை எல்லோரும் முயலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் காவலரிலிருந்து வெள்ளைக் கோட்டு ஆராய்ச்சியாளர்கள் வரை, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைப் பார்க்கும் வேலை யாருக்கும் மாதத்தில் ஒருநாளுக்கு மேல் வருவதில்லை.

புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் அது. பின்பக்கம், ஜன்னலே இல்லாத தனிக் கட்டடத்தில் எலிகளும் முயல்களும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை உதவியாளராக அவள் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு கால்நடை மருத்துவமனையில் இருந்தாள். அங்கே நேரம் காலம் கிடையாது, கன்று போடுகிற மாடு கடிகாரம் பார்க்காது. மகள் பிறந்த பிறகு, காலையில் போனால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள், இங்கே வந்தாள். இந்த வேலையில் கடைசியில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதை முதல் வாரம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அவளே தெரிந்துகொண்டாள். அன்று வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.

முயல் பிடிப்பது பார்ப்பதற்குச் சுலபம். காதைப் பிடித்துத் தூக்கினால் போதும் என்று தெரியாதவர்கள் நினைப்பார்கள். ஒரு கை கழுத்துத் தோலில், மறு கை பின்னங்கால்களுக்குக் கீழே இருக்க வேண்டும். அந்தக் கை ஒரு நொடி தளர்ந்தால் முயல் மிரண்டு உதைக்கும், உதைத்த வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். பத்தொன்பது வருடத்தில் அவள் கையில் ஒரு முயலுக்கும் அப்படி ஆனதில்லை. காது நரம்பில் ரத்தம் எடுக்கும்போதுகூட அவள் மடியில் அவை மூக்கை அசைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். கை அப்படி வாய்த்துவிட்டதால் கஷ்டமான வேலையெல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. ஒவ்வொரு ஆய்வும் முடியும் நாளில் ஊசி போட்டு உயிரை எடுக்கும் வேலையும் அதில் ஒன்று.

வீட்டில் கணவருக்கு இது தெரியும். அவர் தையல்காரர், அதிகம் கேள்வி கேட்காதவர். "உன் துணியில ஒட்டிக்கிட்டு வர்ற முடிய சேத்து வெச்சிருந்தா இந்நேரம் ஒரு ஸ்வெட்டர் பின்னியிருக்கலாம்" என்பார், அவ்வளவுதான். மகளிடம் மட்டும் "மருந்துக் கம்பெனியில வேலை" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள்.

அந்த வருடம் மகளுக்கு இருபது வயது. ஒருநாள் அம்மா மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஆய்வுக்கூடத்து வாசலுக்கு வந்தாள். காவலர் நல்ல மனுஷர், அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "முயலக்கா பொண்ணா நீ? உங்கம்மா கை ராசியான கைம்மா. அவங்க இல்லேன்னா இங்க ஒரு முயலும் நிம்மதியா சாகாது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலத்திலிருந்து மகள் அம்மாவிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை. தலை பின்னிவிடப் போனால், "நானே பின்னிக்கிறேன்" என்று சீப்பை வாங்கிக்கொள்வாள். தட்டில் பரிமாறும் கையைப் பார்ப்பாள், பிறகு தட்டைப் பார்ப்பாள். மூன்று மாதம் அப்படியே ஓடியது. "சின்னப் பொண்ணு, சரியாயிடும்" என்றார் கணவர். சரியாகிற வழியாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் முயல் அறையில் நாற்பத்தெட்டு முயல்கள் இருந்தன. எலும்புத் தேய்மானத்துக்கான ஒரு மருந்தை அவற்றின் மேல் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நான்கு அடுக்குக் கூண்டுகள், அடுக்குக்குப் பன்னிரண்டு. மேல் மூன்று அடுக்குக்கும் மருந்து உண்டு, மேலே போகப் போக அளவு கூடும். கீழ் அடுக்குக்கு மருந்து கிடையாது, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சும்மா வளர்ப்பவை. அந்தப் பன்னிரண்டையும் ஆய்வு முடிந்ததும் கொல்லாமல், விரும்புகிற வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று முதல் முறையாக அனுமதி வந்திருந்தது. சும்மா வரவில்லை. அவளும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து இரண்டு வருடம் மனு மேல் மனு எழுதி வாங்கிய அனுமதி. மருத்துவர் அவளைவிட இளையவர், அவளை "அக்கா" என்பார், அவள் "டாக்டரம்மா" என்பாள். ஆய்வு முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது காது வழியாகத்தான் வெளியே தள்ளும். அதனால் அறையின் வெப்பம் இருபத்திரண்டு டிகிரியைச் சுற்றியே இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெப்பம் ஏறினால் அடிக்க ஒரு எச்சரிக்கை மணியும் இருந்தது. அது காரணமே இல்லாமல் கண்ட நேரத்தில் அலறிக்கொண்டிருந்ததால் இரண்டு வாரத்துக்கு முன்னால் கட்டட மேலாளர் அதன் வயரைப் பிடுங்கிவிட்டார். "சரிபண்ண ஆளுங்க வருவாங்களாம். ரிப்பேர் பண்ற வரைக்கும் நீங்கதான் மணி" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு ஆள்தான் பணியில் இருப்பார். அந்த ஞாயிறு அவள் முறை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே குளுகுளுவென்று இருந்தது. தீனி போட்டு, எடை பார்த்து, மருந்து கொடுத்து முடித்தபோது மணி ஒன்றரை. மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, செருப்பு அறுந்துபோச்சு. வாங்கணும்."

"அப்பாவக் கூட்டிட்டுப் போயேன்டி. எனக்கு அஞ்சு மணி வரைக்கும் வேலை இருக்கே."

"நீ வா. உன்கூடத்தான் போகணும்" என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை. முயலக்கா மறுபேச்சுப் பேசவில்லை. வெப்பமானியைப் பார்த்தாள், இருபத்திரண்டு. பத்தொன்பது வருடத்தில் மாலைக் கட்டத்தில் இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ தவிர வேறு எண் எழுதியதாக அவளுக்கு நினைவே இல்லை. பேனாவை எடுத்தாள். மாலை ஐந்து மணிக்கு நேராக "22" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முன்கூட்டி எழுதியது அதுதான் முதல் தடவை. இரண்டு மணிக்கு உடை மாற்றிக்கொண்டு, காவலரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

அம்மாவும் பெண்ணும் நாலு கடை ஏறி இறங்கினார்கள். ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். பஸ்ஸில் மகள் அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். தோள் மரத்துப் போயும் அவள் அசையவில்லை.

ஏறக்குறைய அதே நேரத்தில், மூன்று மணி வாக்கில், முயல் அறையின் குளிர்சாதனம் நின்றுபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. முப்பத்தாறு டிகிரி. வழக்கமாகக் கதவுச் சத்தம் கேட்டதும் நாற்பத்தெட்டும் தீனிக் கிண்ணத்தைத் தட்டும். அன்று எதுவும் தட்டவில்லை. மேல் அடுக்கில் ஒன்பது செத்துக் கிடந்தன, அதற்குக் கீழே ஐந்து. மற்றவை வயிற்றைத் தரையோடு தரையாக ஒட்டி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. காதுகளின் நரம்பெல்லாம் புடைத்துச் சிவந்திருந்தது.

அவள் அழவில்லை, அதற்கு நேரமும் இல்லை. கதவுகளை அகலத் திறந்தாள். கூண்டு கழுவுகிற ஆளைக் கத்திக் கூப்பிட்டாள். துணியை நனைத்து ஒவ்வொரு காதாகத் துடைத்தாள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாத் தண்ணீர் போதும், இல்லாவிட்டால் அதிர்ச்சியிலேயே போய்விடும் என்று கழுவுகிறவருக்குச் சொல்லிக்கொண்டே அடுத்த கூண்டுக்குப் போனாள். முப்பத்துநான்கு முயல்களைக் காப்பாற்றினாள். கீழ் அடுக்கில் சூடு குறைவு, பன்னிரண்டும் பிழைத்தன.

எட்டு மணிக்கு மேலாளர் வந்தார். முகம் வெளுத்துப்போயிற்று. மெக்கானிக்கை வரவழைத்து அரை மணி நேரத்தில் குளிர்சாதனத்தை ஓடவைத்தார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். நேற்று மாலைக் கட்டத்தில் அவள் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் இருபத்திரண்டு இருந்துச்சு. இல்லையா?"

அவள் கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்தாள்.

"இருந்துச்சுன்னு எழுதியிருக்கு. இப்ப ஒன்பது மணிக்கு இருபத்துமூணு காட்டும், அதையும் எழுதுங்க. முயலுங்களுக்கு வயித்து நோய் வர்றது புதுசா என்ன? ஒரே ராத்திரியில கொத்துக் கொத்தாப் போகும்." குரலைத் தாழ்த்தினார். "மணியோட வயரை நான் பிடுங்கினேன், அது என் தலைக்கு. நீங்க பாக்காமலே எழுதினீங்க, அது உங்க தலைக்கு. ரெண்டு தலையும் தப்பிக்கட்டும். கீழ் அடுக்கு பன்னிரண்டும் பதினொரு நாள்ல வீடு போய்ச் சேரட்டும். நீங்க ஆசைப்பட்டதுதானே?"

அவர் சொன்னதில் எதையும் அவளால் தள்ள முடியவில்லை. ஒன்பது மணிக்குப் போய் இருபத்துமூன்று என்று எழுதினாள். எழுத்து வழக்கம்போல நேராக விழுந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

மதியம் மருத்துவர் வந்தார். செத்தவற்றில் மூன்றை அறுத்துப் பார்த்தார், முயலக்கா பக்கத்தில் நின்று பிடித்துக்கொடுத்தாள். குடல் சுத்தமாக இருந்தது. நுரையீரல் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

"இது வயித்து நோய் இல்லக்கா" என்றார் மருத்துவர். "சூட்டுல செத்த மாதிரி இருக்கு." கையுறையைக் கழற்றிவிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா இருபத்திரண்டு இருந்திருக்கு. வேற யாராவது எழுதியிருந்தா நான் நம்ப மாட்டேன். நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும். அப்ப மருந்துதான். அதிக மருந்து போன மேல் அடுக்குலதான் அதிகம் செத்திருக்கு. மருந்து கொல்லுதுன்னுதான் எழுதணும்."

எத்தனையோ பேர் எலும்பு நொறுங்கிப் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று இந்த ஆய்வு தொடங்கும்போது சொன்னது இதே மருத்துவர்தான். முயலக்கா எழுதிய ஒரு எண், ஒரு மருந்தைக் குப்பையில் போடப் போகிறது.

"மருந்து இல்ல டாக்டரம்மா."

"என்னது?"

"நான் அஞ்சு மணிக்கு இங்க இல்ல. ரெண்டு மணிக்கே போயிட்டேன். எழுதி வெச்சிட்டுப் போயிட்டேன். காலையில முப்பத்தாறு இருந்துச்சு. ஒன்பது மணிக்கு எழுதினது ரிப்பேர் பண்ணதுக்கு அப்புறம் பாத்தது."

மருத்துவர் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, "ஏங்க்கா?" என்றார்.

"வீட்டுல வேலை இருந்துச்சு."

மேலாளருக்கு விஷயம் போய்ச் சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடைபாதையில் அவளை மறித்தார். திட்டவில்லை. "உங்களையும் சேத்துத்தானே நான் காப்பாத்தப் பாத்தேன்" என்றார். நிஜமாகவே மனம் உடைந்தவர் போல இருந்தார்.

மூன்றாம் நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆய்வு செல்லாது. மீதி முப்பத்துநான்கு முயல்களும் கொல்லப்பட வேண்டும். சூடு உள்ளே எந்தெந்த உறுப்பை என்ன செய்திருக்கிறது என்று அறுத்துப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வு முதலிலிருந்து நடக்கும், புதிதாக நாற்பத்தெட்டு முயல்கள் வரும்.

"கீழ் அடுக்கு?" என்று கேட்டாள்.

மருத்துவர் தலையை நிமிர்த்தவில்லை. "சண்டை போட்டுப் பாத்துட்டேன்க்கா. மருந்து போகாத உடம்புலதான் சூடு மட்டும் என்ன பண்ணுச்சுன்னு சுத்தமாத் தெரியுமாம். முதல்ல வேணும்கிறதே அந்தப் பன்னிரண்டுதானாம்."

விசாரணைக் கடிதத்தில் அவள் ஆறு மாதம் பதிவேட்டைத் தொடக்கூடாது, கூண்டு கழுவும் பகுதியில் வேலை என்று இருந்தது. ஆனால் முப்பத்துநான்கையும் வலிக்காமல் அனுப்ப வேறு ஆள் இல்லை. அதனால் கடிதம் அமலுக்கு வருவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டார்கள். அவள் கை வேண்டும், கையெழுத்து வேண்டாம். கையெழுத்தை மருத்துவர் போட்டார்.

நாளுக்குப் பதினேழு. பக்கத்து அறையில், ஒன்றின் கண்ணில் இன்னொன்று படாமல். ஒவ்வொன்றுக்கும் பிறகு மேசையைத் துடைத்து, துணியை மாற்றி, கையுறையை மாற்றினாள். முன்னால் போனதன் வாசனை அடுத்ததற்கு வரக்கூடாது. கூண்டு கழுவுகிற பெரியவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார். திங்கட்கிழமை ஈரத்துணியால் அவள் துடைத்த அதே காதுகளில் அவளே நரம்பைத் தேடினாள். காப்பாற்றிய கை என்று அவற்றுக்குத் தெரிந்ததோ என்னவோ, ஒன்றுகூடத் திமிறவில்லை. திமிறியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ சொல்லாம இருந்திருந்தா அந்தப் பன்னிரண்டும் இருந்திருக்கும்" என்றார்.

"ஆமா."

"இப்பப் புதுசா நாற்பத்தெட்டு வரும்."

"ஆமா."

"சொன்னது தப்புன்னு நினைக்கிறியா?"

"எழுதினது தப்பு. அதுக்கப்புறம் எதைச் செஞ்சாலும் தப்பாத்தான் முடிஞ்சிருக்கும்."

அவர் எழுந்து போய் அவளுக்குத் தட்டு வைத்தார். அவளால் சாப்பிட முடியவில்லை.

மேலாளரை நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்த கட்டடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குப் பெரிய அறை கிடைத்தது என்று கேள்வி. எச்சரிக்கை மணியைச் சரிசெய்தார்கள். முயலக்கா கழுவும் பகுதியில் கொதிநீரும் சோப்புமாக நின்றாள், விரல்கள் ஊறி வெடித்தன. புது முயல்கள் வந்தன. புது உதவியாளராக ஒரு பெண் வந்தாள், படித்த பெண், பொறுமைசாலி, ஆனால் கை பழகவில்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முயல் அலறியது. முயல் சாதாரணமாகக் குரல் எழுப்பாது. உயிர் போகும் பயம் வந்தால் மட்டும் குழந்தை வீறிடுவது போல ஒரே ஒரு அலறல். முயலக்கா ஈரக் கையோடு, அனுமதி இல்லாத அந்த அறைக்குள் நுழைந்து, பின்னங்கால்களுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த வாரம் தண்டனைக் காலம் இரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டதாக ஒரு காகிதம் வந்தது. அதை அவள் மகிழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகளுக்கு விஷயம் அப்பா மூலமாகத் தெரிந்தது. கொஞ்ச நாள் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலை, கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில், சீப்பை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். பின்னல் பாதி வந்தபோது திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு நான் கூப்பிடலேன்னா நீ அஞ்சு மணி வரைக்கும் இருந்திருப்பேல்ல?"

முயலக்காவின் விரல்கள் ஒரு சுற்றுக்கூட நிற்கவில்லை.

"இல்லடி. எனக்கு அன்னிக்கு ஒரே தலைவலி. நீ கூப்பிடுறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. தலைய ஆட்டாதே."

மகள் நம்பினாளா என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. தலை மட்டும் தினமும் அம்மாதான் பின்னினாள்.

இரண்டாவது ஆய்வு ஒழுங்காக முடிந்தது. மருந்து தேறியது என்று பேசிக்கொண்டார்கள். மருந்து வாங்கிய முப்பத்தாறையும் அவள்தான் அனுப்பிவைத்தாள். மருந்து போகாத பன்னிரண்டுக்கும் மருத்துவர் மறுபடி மனு போட்டிருந்தார். ஐந்துக்கு மட்டும் அனுமதி வந்தது. எந்த ஐந்து என்று உத்தரவில் இல்லை. நீங்களே பாருங்கள் என்று மருத்துவர் அவளிடம் விட்டுவிட்டார். முயலக்கா ஒரு முழு நாள் அந்த அடுக்கின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தும் பின்வாசல் வழியாக அட்டைப்பெட்டிகளில் வெளியே வந்தன. பிறந்ததிலிருந்து வெயிலே படாதவை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெட்டி மூலையில் ஒடுங்கின. ஒன்றை வாங்கிக்கொள்ள ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் கை எங்கே இருக்க வேண்டும் என்று முயலக்கா இரண்டு முறை செய்து காட்டினாள். மனைவியைச் செய்யவைத்துப் பார்த்தாள். பின்னங்காலுக்குக் கீழே இருந்த கை கொஞ்சம் தளர்ந்தபோது தன் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"இதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"முப்பத்தொன்பது" என்றாள் முயலக்கா. கேட்டவர் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "பேரெல்லாம் நாங்க வெக்கிறதில்லைம்மா. நீங்க வெச்சுக்குங்க" என்று பெட்டியை மூடிக் கொடுத்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பியது. உள்ளே மீதி ஏழு காத்துக்கொண்டிருந்தன. அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.